கைப்பிடி அளவு

மூன்றாவது வரிசை சுட ஆரம்பித்துவிட்டது. நாலாவது வரிசையில் நிற்கவேண்டிய ஏட்டு முப்பிடாதி தகரக் கொட்டகைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காதில் அடைத்த பஞ்சையும் மீறி வந்த ஒவ்வொரு வெடிக்கும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, மடியில் கிடந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பார்க்கப் புதிதாக ஒன்றுமில்லை. காலையில் தேங்காய் துருவிய கை, மகள் தர்ஷினிக்கு இரட்டைப் பின்னல் போட்ட கை, ஸ்கூட்டியை முறுக்கி இந்த மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்த கை. எல்லா வேலையும் செய்கிறது. எந்த வேலையிலும் இது சின்னக் கை என்று ஞாபகம் வருவதில்லை. தேங்காய்க்கு இதன் அளவு தெரியாது, சீப்புக்குத் தெரியாது. இடுப்பில் இருக்கிற பிஸ்டலுக்கு மட்டும் தெரிகிறது. எதிரே மண்மேட்டில் குண்டு புதையும்போது செம்மண் தூள் கொஞ்சம் எழும்பி அடங்கியது. மேட்டின் உச்சியில் சிவப்புக் கொடி காற்றில்லாமல் தொங்கியது. வெடிச் சத்தம் நின்ற இடைவெளியில் பாறைக்கு அந்தப் பக்கம் மயில் ஒன்று அகவியது, அதற்கும் பழகிப்போயிருக்கும். முப்பிடாதி கட்டைவிரலை விரித்தாள். ஆள்காட்டி விரலை நீட்டினாள். இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளி, அது இன்னும் ஒரு விரல் அகலம் கூடுதலாக இருந்திருந்தால் இன்றைக்கு இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசிக்க ஒன்றும் இருந்திருக்காது. சும்மா இருந்திருக்கலாம். பக்கத்துப் பெஞ்சில் ட்ராஃபிக் ஏட்டு ஒருத்தர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாரே, அப்படி.

வளையல் கடைக்காரருக்கும் தெரியும், அதைச் சொல்லவேண்டும். கல்யாணத்துக்கு வளையல் போட அழைத்துப்போனபோது அவர் இவள் கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து அமுக்கிப் பார்த்து, “ரெண்டுக்கு ரெண்டு சைஸுதான். சின்னப் புள்ளையளுக்குப் போடுத அளவு” என்றார். மாமியார் அதைக் கேட்டுவிட்டு, “கை சின்னதா இருந்தா என்ன, வேலை ஓடுனா சரி” என்றாள். அது பெருந்தன்மையா, குத்தலா, பதினாலு வருஷமாகியும் முப்பிடாதிக்குப் பிடிபடவில்லை. போலீஸ் தேர்வில் உயரம் அளந்தார்கள். அதில் மயிரிழையில்தான் தேறினாள். ஓடச் சொன்னார்கள், தாண்டச் சொன்னார்கள், கிரிக்கெட் பந்தை எறியச் சொன்னார்கள். பந்தைச் சுற்றி விரல் முழுசாகப் போகவில்லை என்பதை அன்றைக்கு அவள் மட்டும் கவனித்தாள், ஆனாலும் பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது. கையை யாரும் அளக்கவில்லை. தொப்பிக்கு அளவெடுத்தார்கள், பூட்ஸுக்கு அளவெடுத்தார்கள், கைக்கு எதற்கு அளவு, கை கைதானே. போன ஞாயிற்றுக்கிழமை தர்ஷினி விளையாட்டாகத் தன் உள்ளங்கையை அம்மா உள்ளங்கையோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, “எம்மா, நான் ஒன்னத் தாண்டிட்டேன்” என்று குதித்தாள். விரல் நுனி எல்லாம் ஒரு நகத்தளவு மேலே நின்றது. பதினோரு வயசு. புருஷன் பலவேசம் கட்டிலில் படுத்துக்கொண்டே, “அவ எங்க ஆளு, பெரிய கையி” என்றான். அவன் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன், அவன் கைக்குள் இவளுடைய இரண்டு கையும் அடங்கும். சிரித்தாள்தான். சிரித்துக்கொண்டே பீரோவைப் பார்த்தாள், பீரோவுக்குள் பிஸ்டல் பூட்டியிருந்தது.

பழைய பிஸ்டலோடு இவளுக்கு ஒரு சமாதானம் இருந்தது. கனமானதுதான், ஆனால் கைப்பிடி ஒல்லி. இந்த வருஷம் புதுசு வந்தது. பார்க்க அழகு, கறுப்பு, கனம் கம்மி, தோட்டா நிறையக் கொள்ளும். தோட்டா நிறையக் கொள்வதால் பிடியும் பருமன். முதல்நாள் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டையைப் பிடியின் உச்சியில் நன்றாக ஏற்றி வைத்தால் ட்ரிகரில் விரல் நுனி மட்டும் தொடுகிறது, நகத்துக்குப் பக்கத்துச் சதை. விரல் நன்றாகப் பட வேண்டுமென்று கையை வலது பக்கமாகச் சுற்றிப் பிடித்தால், உதைப்பு மணிக்கட்டுக்குப் போகாமல் கட்டைவிரல் கணுவில் போய் இடிக்கிறது. இரண்டில் எதை எடுப்பது? நுனிவிரலால் இழுத்தால் பிஸ்டலைத் தள்ளிவிடுகிற மாதிரி ஆகி, குண்டெல்லாம் இடது பக்கம். போன மாதப் பயிற்சியில் அட்டை மனிதனின் இடது தோளுக்கு வெளியே வரிசையாக ஓட்டை. பயிற்சி கொடுக்கிற ஆர்.ஐ. மைக்கேல்ராஜ் அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, பக்கத்துல நிக்கவனையா சுட்ட?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. எல்லாரையும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்தச் சொல் நெஞ்சில் ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டது, பக்கத்தில் நிற்கிறவன். பக்கத்தில் நிற்கிறவன் இல்லை ஐயா, பக்கத்தில் நிற்கிறவள். என் இடது பக்கத்தில் எப்போதும் எஸ்தர்தான் நிற்கிறாள்.

எஸ்தர் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், முப்பது வயசிருக்கும். அவளுடைய அண்ணனைக் கடை வாசலிலேயே வெட்டினார்கள், இடத் தகராறு. எஸ்தர் மிஷினில் உட்கார்ந்தபடி பார்த்தாள். பார்த்ததைச் சொல்வேன் என்றும் சொல்லிவிட்டாள். வெட்டினவர்கள் ஜாமீனில் வெளியே இருக்கிறார்கள். கோர்ட்டு பாதுகாப்புப் போடச் சொன்னது, முதலில் போட்ட ஆண் போலீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான், தெருவே அவனைப் பார்த்தது, எஸ்தருக்கு உள்ளே இருக்கவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. அப்புறம்தான் முப்பிடாதியை அனுப்பினார்கள். முப்பிடாதி உடுப்பில்லாமல், சேலையில், மேலே ஒரு தொளதொளத்த கோட்டு மாதிரி சட்டையை மாட்டிக்கொண்டு, கடைக்குள்ளேயே பித்தான் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பார்க்கிறவர்களுக்கு வேலைக்கு வந்த பெண். திங்கட்கிழமை சாட்சி விசாரணை. அதற்குள் புது பிஸ்டலில் தேறாதவர்களை இந்த மாதிரி டூட்டியில் வைக்கக்கூடாதென்று உத்தரவு வந்துவிட்டது. தேறாவிட்டால் மறுபடி நாற்காலி, மறுபடி மீசை. “நீங்க வரலன்னா நான் கோர்ட்டுக்குப் போவ மாட்டேன்னு இல்ல யக்கா. போவேன். ஆனா வயித்த கலக்கும்” என்றாள் நேற்று, வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு. அவ்வளவுதான் சொன்னாள். அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் அழுகிற ரகம் இல்லை. வயிற்றைக் கலக்கும் என்று சொல்லிவிட்டு காலர் பிசிறை வெட்டப் போய்விட்டாள்.

வயிற்றைக் கலக்கும் என்பது முப்பிடாதிக்கும் தெரியும். மூன்று வாரம் முன்னால் மார்க்கெட்டுக்குப் பித்தான் வாங்கப் போனார்கள், பத்து மணி வெயில், கூட்டம். பின்னாலிருந்து ஒரு பைக் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தது. இரண்டு பேர். பின்னால் இருந்தவனின் கை சட்டைக்குள் இருந்தது. முப்பிடாதி யோசிக்கவில்லை, இடது கை எஸ்தரைச் சுவரோரமாகத் தள்ளியது, வலது கை கோட்டுக்குள் போனது. போய்ப் பிடித்தது. பிடித்ததும் தெரிந்தது, கை கீழே பிடித்திருக்கிறது, பிடியின் நடுவில், விரல் ட்ரிகர் வளையத்துக்கே போகாத இடத்தில். மேலே ஏற்றிப் பிடிக்கவேண்டும். ஏற்றினாள். அந்த ஏற்றுகிற நேரம் எவ்வளவு இருக்கும், ஒரு மூச்சு இருக்குமா, அதற்குள் சட்டைக்குள்ளிருந்த கை வெளியே வந்தது, கையில் கல்யாணப் பத்திரிகை. “யக்கா, சரஸ்வதி மண்டபம் எந்தப் பக்கம்?” எஸ்தர்தான் வழி சொன்னாள். பைக் போய்விட்டது. அவ்வளவுதான் நடந்தது, ஒன்றும் நடக்கவில்லை, யாரிடமும் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு மூச்சு போகவில்லை. அரிசி களையும்போது வருகிறது. பல் தேய்க்கும்போது வருகிறது. கை கீழே பிடித்திருக்கிறது, மேலே ஏற்று, ஏற்று. பத்திரிகைக்குப் பதிலாக வேறொன்று இருந்திருந்தால் என்று ஆரம்பிக்கும், ஆரம்பித்த இடத்திலேயே அறுந்து மறுபடி பைக் வேகத்தைக் குறைக்கிற இடத்திலிருந்து வரும். முடிவு வரைக்கும் ஒருதரம்கூட ஓடியதில்லை. நூல் சிக்கின மிஷின் மாதிரி ஒரே இடத்தில் தைத்துக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் பழகினாள். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எஸ்தர் சாப்பிடப் போகும்போது, தோட்டாவையெல்லாம் எடுத்து வேறு அறையில் வைத்து, பிஸ்டலின் தோட்டா அறை காலி என்று ஒருமுறைக்கு இருமுறை விரல் விட்டுப் பார்த்து, சுவரைப் பார்த்து நின்று பழகினாள். தோட்டா அடைக்கிற மேகசின் கீழே விழுந்தால் நசுங்கும் என்று எஸ்தர் மெத்தையை இழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிஸ்டலில் தோட்டா தீர்ந்தால் மேல்பகுதி, ஸ்லைடு என்பார்கள், பின்னால் போய்ப் பூட்டிக்கொண்டு நிற்கும். அப்போது காலி மேகசினை விடுவித்து, புதுசைச் சொருகி, ஸ்லைடை முன்னால் விடவேண்டும். பெரிய கைக்காரர்கள் பிடித்த பிடியை மாற்றாமலே கட்டைவிரலால் பொத்தானை அமுக்குகிறார்கள். இவளுக்குக் கட்டைவிரல் பாதி வழியில் நின்றுவிடும். எட்டிப் பிடித்தால் மொத்தப் பிடியும் கழன்றுவிடுகிறது, குழல் எங்கேயோ பார்க்கிறது. கொஞ்ச நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, அப்புறம் வேறு மாதிரி செய்தாள். முழங்கையை விலாவோடு ஒட்டி, பிஸ்டலை முகத்துக்கு நேரே கிட்டத்தில் கொண்டுவந்து, குழல் சுவரைப் பார்த்தபடியே இருக்க, பிடியை மட்டும் உள்ளங்கைக்குள் லேசாகத் திருப்பினால் கட்டைவிரல் பொத்தானுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஸ்லைடை முன்னே விடுகிற சின்ன நெம்புகோலும் அப்படித்தான், எட்டாது, எட்டினாலும் அமுக்க வலு போதாது. அதை விட்டுவிட்டாள். இடது கையை மேலே கவிழ்த்து, ஸ்லைடை முழுக் கையாலும் பிடித்து, இடது கையால் பின்னே இழுத்துக்கொண்டே வலது கையால் பிஸ்டலை முன்னே தள்ளி, விட்டுவிடுவது. விரல் வலுவில் இழுத்தால் தோற்றுப்போகிறோம், முதுகு வலுவில் தள்ளினால் அது தானாக வருகிறது. கிணற்றில் வாளியை விரலாலா இழுக்கிறோம்? மேகசினில் தோட்டா நிரப்புவது வேறு பாடு, கடைசி இரண்டு மூன்று உள்ளே போகவே போகாது, கட்டைவிரல் நகம் நீலம் பாரித்துவிட்டது. ஒரு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மற்ற கையால் தள்ளவேண்டும், அவசரப்படக்கூடாது, அவ்வளவுதான் ரகசியம். எஸ்தர் சோற்றுத் தட்டோடு வாசற்படியில் நின்று பார்ப்பாள். “யக்கா, இது அளவெடுக்காம தச்ச சட்டை மாதிரில்லா இருக்கு. சட்டைக்கு ஏத்த மாதிரி நீங்க ஒடம்ப வளைச்சிட்டு இருக்கீய” என்றாள் ஒருநாள். “போலீஸ்ல அப்படித்தாம்ட்டி” என்றாள் முப்பிடாதி. மெத்தைமேல் மேகசின் தொப்பென்று விழுந்தது. எஸ்தர் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

சட்டையைப் பிரித்துத் தைக்கலாம் என்பது அப்போதே இவளுக்குத் தெரியும், அதுதான் சங்கடம். ஆயுதக் கிடங்கில் கொம்பையா அண்ணன், பிஸ்டல்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கிறவர், எண்ணெய் போட இவள் போனபோது பேச்சுவாக்கில் சொன்னார். ஒவ்வொரு பிஸ்டலும் ஒரு பெட்டியில் வந்தது, பெட்டியில் பிடியின் முதுகில் மாட்டுகிற துண்டு மூன்று இருந்தது, சின்னது, நடுத்தரம், பெரியது. கம்பெனியில் நடுத்தரம் மாட்டி அனுப்பியிருந்தார்கள். மற்ற இரண்டும் பெட்டியோடு பரணில் இருக்கின்றன. “ஒரு சின்னப் பின்னத் தட்டி எடுத்தா கழண்டுரும். யாரும் கேக்கல, நானும் மாட்டல” என்றார். “மாட்டலாமாண்ணே?” “ஆர்.ஐ. ஐயா ஒரு வார்த்தை சொன்னா மாட்டிருவேன். நானா மாட்ட அதிகாரம் இல்ல.” ஒரு வார்த்தை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்னவோ. முப்பிடாதி கேட்கவில்லை. இன்றைக்குக் காலையில்கூட ஆர்.ஐ. ஐயா கொட்டகைக்குள் டீ குடித்துக்கொண்டு தனியாகத்தான் இருந்தார், கேட்டிருக்கலாம், இரண்டடி முன்னால் போனாள், அப்புறம் டீ கேனைப் பார்க்கப் போகிறவள் மாதிரித் திரும்பிக்கொண்டாள். கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது கேட்காமலே காதில் விழுகிறது. பொம்பளை இந்த டூட்டிக்கு வந்து மூணாவது மாசமே பொம்பளை சைஸ் கேக்கா. கழிப்பறை இல்லையென்று கேட்டபோது விழுந்த சிரிப்பு, பந்தோபஸ்து நின்ற இடத்தில் கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்ட மாசமான பெண்ணுக்கு விழுந்த பேச்சு. கேட்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கழியும், அது எங்கே கழிகிறதென்று யாருக்கும் தெரியாது, ஆனால் கழியும். கேட்காமல் தேறிவிட்டால்? தேறிவிட்டால் கேட்கவே வேண்டாமே. தேறாமல் போனபிறகு கேட்டால் அது சாக்கு. அப்படியென்றால் எப்போதுதான் கேட்பது? முன்னால் கேட்டால் சலுகை, பின்னால் கேட்டால் சாக்கு, தேறினால் தேவையில்லை. வட்டமாகச் சுற்றி வந்து மறுபடி கையிலேயே நின்றது யோசனை. கட்டைவிரலை விரித்தாள். ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

“ஏய், குழலக் கீழ வை! குழலு! எங்க பாக்க நீ?” ஆர்.ஐ. குரல். முப்பிடாதி நிமிர்ந்தாள். மூன்றாவது வரிசையில் கடைசியில் நின்ற ஜெபக்கனிதான். மகளிர் காவல் நிலையத்துப் பெண், சர்வீஸில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பொத்தானை எட்டப்போய் பிஸ்டல் கையில் புரண்டு, குழல் பக்கத்து ஆளைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. பக்கத்து ஆள் ஒரு எட்டு பின்னால் நகர்ந்து நின்றான். ஜெபக்கனி மேகசினை எப்படியோ கழற்றி, புதுசைச் சொருகி, ஸ்லைடை இழுக்கப் பார்க்கிறாள், இரண்டு விரலால் கிள்ளி இழுக்கிறாள், வரவில்லை. நேரம் முடிந்ததென்று விசில். மற்றவர்கள் கையை இறக்கிவிட்டார்கள், அவள் மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். “போதும்மா, வை. ஃபெயில். இந்தக் கைய வச்சிட்டு நீ ஊசி நூலு கோக்கலாம்” என்றார் ஆர்.ஐ., கோபத்தில்கூட இல்லை, அடுத்த அட்டையைப் பார்த்தபடியே. ஜெபக்கனி கொட்டகைக்கு வந்து முப்பிடாதி பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வேர்த்து, பவுடர் திட்டுத் திட்டாக நின்றது. “யக்கா, எனக்கு மட்டுந்தான் எட்டலயோ?” என்று கேட்டாள். அழுகையில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாள். முப்பிடாதிக்குப் பதில் தெரியும். பத்து வார்த்தைகூட வேண்டாம், இல்லட்டி, எனக்கும் எட்டாது, பரணில் பெட்டி இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அதற்குள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எழுந்தாள். எழும்போது ஜெபக்கனியின் கை பெஞ்சின்மேல் ஊன்றியிருந்தது கண்ணில் பட்டது. கட்டைவிரல் நகம் நீலம்.

சுடுகிற கோட்டில் போய் நின்றாள். காலை அகட்டினாள். மேகசினுக்கு அஞ்சு, இரண்டு மேகசின், பத்து ரவுண்டு, ஆறு பட்டால் தேறிவிடலாம். எதிரே அட்டை மனிதன், முகமில்லை, தலை இருக்கிற இடத்தில் ஒரு கறுப்பு வட்டம், வயிற்றில் ஒரு வட்டம். தரை கொதிக்க ஆரம்பித்திருந்தது, பூட்ஸுக்குள் பெருவிரலில் சூடு தெரிந்தது. பின்னால் ஆர்.ஐ. நிற்கிறார், அவர் மூச்சுக்கூடக் கேட்கிற மாதிரி இருக்கிறது, கேட்காது, காதில் பஞ்சு, ஆனால் கேட்கிறது. லோட். சொருகினாள், முதுகு வலுவில் தள்ளினாள், ஏறிவிட்டது. கவட்டையை உச்சியில் வை. பைக் வேகத்தைக் குறைக்கிறது, சட்டைக்குள் கை, கீழே பிடித்திருக்கிறாய், ஏற்று. ஏற்றியாகிவிட்டது, பேசாமல் இரு. விசில். நுனிவிரல்தான், இழுக்காதே, அமுக்கு, நேர் பின்னால் அமுக்கு, பக்கவாட்டில் தள்ளினால் இடது பக்கம் போகும், இடது பக்கத்தில் எஸ்தர் நிற்கிறாள். சுட்டது. உதைத்தது. இன்னொன்று. பித்தளைக் கூடு ஒன்று பறந்துபோய்ப் பக்கத்து ஆளின் தொப்பியில் பட்டது. மூன்று. நாலு. அஞ்சு, ஸ்லைடு பின்னால் போய் நின்றது, காலி. முழங்கை விலாவுக்கு. முகத்துக்கு நேரே. குழல் மேட்டைப் பார்க்கட்டும், திருப்பு, பொத்தான். மேகசின் விழவில்லை. மெத்தைமேல் ஒவ்வொரு தரமும் விழுந்தது இப்போது விழவில்லை, தூசியோ, மணலோ, பாதி இறங்கித் தொங்குகிறது. எத்தனை நாள் பழகினதில் இது மட்டும் வரவே இல்லை. சரி. விழாவிட்டால் பிடுங்கு. இடது கை போய்ப் பிடித்துப் பிடுங்கி எறிந்தது, இடுப்பிலிருந்து புதுசை எடுத்தது, ஓட்டைக்கு வைத்து உள்ளங்கையால் ஒரே தட்டு. கவிழ்த்துப் பிடி. தள்ளு. ஏறியது. இத்தனையும் நடக்கும்போது அவள் பயப்படவில்லை என்பதை அவள் பிற்பாடுதான் நினைத்துக்கொண்டாள். பயம் இருந்திருக்கும், ஆனால் கைகளுக்கு வேலை இருந்தது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவதைச் சுடுவதற்குள் விசில் ஊதிவிட்டது. இறக்கினாள். அறையில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்துவிட்டு, காலி என்று காட்டினாள்.

ஆர்.ஐ. அட்டையின் முன்னால் குனிந்து விரலால் ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டார். இரண்டு இடது தோளுக்கு வெளியே. ஏழு உள்ளே. அந்த ஏழும் நடுவிலிருந்து கொஞ்சம் இடது பக்கம்தான் சாய்ந்திருந்தன, ஆனால் உள்ளே. “பரவால்லயே. மேகசின் மாட்டிக்கிட்டும் முழிக்காம பிடுங்கின பாத்தியா, அதான் வேணும்” என்று சொல்லிவிட்டு அடுத்த அட்டைக்கு நகர்ந்தார். தேறிவிட்டாள். திங்கட்கிழமை கோர்ட்டுக்கு இவள்தான் போகிறாள். எஸ்தருக்குப் போன் பண்ணவேண்டும். உடம்பு லேசாகி, தாகம் தெரிந்தது, தண்ணீர் குடிக்கவேண்டும் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே, “ஐயா” என்றாள். அவர் திரும்பினார். தான் கூப்பிட்டதே அவர் திரும்பியபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. “ஐயா, இந்த பிஸ்டல் பெட்டியில சின்னக் கைக்கு ஒரு பேக் பீஸ் இருக்கு. அத மாட்ட உத்தரவு குடுக்கணும்.” கோட்டில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஆர்.ஐ. புருவத்தை ஏற்றினார். “நீதான் பாஸாயிட்டியேம்மா. இனிமே எதுக்கு?” “பாஸானதுனாலதான்யா கேக்கேன். ஃபெயிலாயிட்டுக் கேட்டா சாக்குன்னு நெனைப்பீங்க.” தூரத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். “எனக்கு மட்டும் இல்லய்யா. ஜெபக்கனிக்கும் மாட்டி, இன்னொரு தரம் சுட விடுங்க. அவளுக்குக் கை எட்டல. சுடத் தெரியாம இல்ல.” சொன்னபிறகு, புள்ளி கழிந்த சத்தம் காதில் விழுகிறதா என்று பார்த்தாள். ஆர்.ஐ. கொஞ்ச நேரம் இவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். “அப்படி ஒண்ணு இருக்கா?” என்றார். அவருக்குத் தெரியவே தெரியாது. இத்தனை நாள் இவள் பயந்த அந்த மனிதருக்குப் பெட்டியில் என்ன இருக்கிறதென்றே தெரியாது. “கொம்பையாவக் கூப்புடு” என்றார்.

கொம்பையாவையும் பரணிலிருந்த பெட்டிகளையும் கொண்டுவரச் சொல்லி ஜீப்பை அனுப்பினார்கள். அதற்குள் அஞ்சாவது வரிசை முடிந்தது. கொட்டகை மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, கொம்பையா பின்னைத் தட்டி எடுத்து, நடுத்தரத் துண்டைக் கழற்றி, சின்னதை மாட்டிக் கொடுத்தார். அதிலென்ன பெரிய வித்தியாசம், இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு தீக்குச்சிக் கனம் கூட இல்லை. முதலில் ஜெபக்கனிக்கு. அவள் ஆறாவது வரிசையோடு போய் நின்று, ஸ்லைடை எப்படித் தள்ளவேண்டுமென்று முப்பிடாதி காதில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சுட்டாள். ஆறு பட்டது. சரியாக ஆறு. ஆர்.ஐ. தலையை ஆட்டிவிட்டு, ஊசி நூல் பேச்சை எடுக்காமல், அந்தப் பக்கம் போய்விட்டார். அப்புறம்தான் முப்பிடாதி தன்னுடையதை வாங்கினாள். காலிதான் என்று பார்த்துவிட்டு, மண்மேட்டை நோக்கிப் பிடித்தாள். கவட்டை உச்சியில் உட்கார்ந்தது. விரல், நுனி இல்லை, முதல் கணுவின் சதை முழுசாக, ட்ரிகரில் போய்ப் படிந்தது. இழுத்தாள். டிக். குழல் அசையவே இல்லை. மறுபடி ஏற்றி இழுத்தாள். டிக். அட்டை மனிதனின் வயிற்று வட்டத்தின் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். வந்ததும்தான். ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது, குளிர்ந்த தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்குகிற மாதிரி. பைக் வேகத்தைக் குறைக்கிறது. சட்டைக்குள் கை. முப்பிடாதியின் கை கோட்டுக்குள் போகிறது, மேலேயே பிடிக்கிறது, விரல் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. அந்த ஒரு மூச்சு இல்லை. இத்தனை வாரமாக அறுந்துபோய்க்கொண்டே இருந்த இடத்தைத் தாண்டி அது ஓடியது, கடைசி வரைக்கும் ஓடியது. அங்கே அட்டை இல்லை. மீசை சரியாக முளைக்காத முகம், வேர்த்திருக்கிறது, யாரோ ஒருத்தியின் பிள்ளை. அவனுக்கும் எஸ்தருக்கும் நடுவில் இவள் கை. ஏற்ற நேரமில்லாமல் போயிற்று, கை எட்டவில்லை, பிடி பருமன் என்று இனிமேல் யாரிடமும் சொல்ல முடியாது, தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ள முடியாது. சுட வேண்டி வந்தால் சுடுவது இவள்தான். சுடாமல் விட்டாலும் விட்டது இவள்தான்.

“என்ன யக்கா, இன்னும் சரியா ஒக்காரலயா?” என்றாள் ஜெபக்கனி. “ஒக்காந்துட்டு” என்றாள் முப்பிடாதி. பிஸ்டலை உறைக்குள் வைத்து, பித்தானை மாட்டினாள். தண்ணீர்ப் பானையில் இரண்டு டம்ளர் மொண்டு குடித்தாள். எஸ்தர் முதல் மணியிலேயே போனை எடுத்தாள், பின்னால் மிஷின் சத்தம் நின்றது. “பாஸா யக்கா?” “பாஸு. கதவச் சாத்திட்டு உள்ளயே இரு, நான் வந்து கூப்புட்டாத் தெற.” “சாப்பிடாமத்தான் வருவீய, மீன் கொழம்பு இருக்கு” என்றாள் எஸ்தர். முப்பிடாதி சரி என்று சொல்லி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை எடுத்தாள்.